படியேற முடியாத குழந்தை
புனித சிறுமலர் தெரேசம்மாள்



பொன்விழாக் காணும் பங்கிலே கணக்குப் பார்ப்பது இயல்பு. எத்தனை ஞானஸ்நானங்கள், எத்தனை திருமணங்கள், கோவில் கட்ட யார் யார் உதவினார்கள் என்று பழைய பதிவேடுகளைப் புரட்டி மகிழ்கிறோம். அது நல்லதே. ஆனால் நம்மில் பலர் தம் ஆன்மாவுக்கும் இப்படியே கணக்கு வைத்திருக்கிறார்கள். இத்தனை ஜெபமாலை, இத்தனை நவநாள், இத்தனை ஒருசந்தி என்று கூட்டிப் பார்க்கிறார்கள். பிறகு அதே கோபமும், அதே குடியும், அதே பொறாமையும் திரும்பி வரக் கண்டு, பரிசுத்தம் நமக்கு எட்டாத கனி என்று சோர்ந்துவிடுகிறார்கள். ஒரே பாவத்தை ஆண்டுதோறும் சொல்ல வெட்கப்பட்டு, பாவசங்கீர்த்தனத்தையே விட்டுவிட்டவர்களும் உண்டு. இத்தகையோரை மனத்தில் கொண்டே இப்புனிதையின் வரலாற்றை எழுதுகிறோம்.

பிரான்சு நாட்டின் அலென்சோன் நகரில் 1873-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் தெரேசா பிறந்தாள். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்தவர். தாய் செலி லேஸ் பின்னும் தொழில் நடத்தியவர். ஒன்பது பிள்ளைகளில் நால்வர் இளமையிலேயே இறந்தனர். எஞ்சிய ஐந்து பெண்களில் தெரேசாவே கடைக்குட்டி. நாலரை வயதில், புற்றுநோய்க்குத் தாயைப் பறிகொடுத்தாள். குடும்பம் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது. தாயாக நின்று வளர்த்த அக்காள் பவுலினும் 1882-இல் கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது, குழந்தையின் உள்ளம் நொறுங்கியது.

தாய் மறைந்த நாள் முதல் அவள் தொட்டதற்கெல்லாம் அழுவாள். அழுதுவிட்டோமே என்று மறுபடியும் அழுவாள். போதாக்குறைக்கு, எதைச் செய்தாலும் பாவமோ என்ற மனக்கலக்கமும் சிறிது காலம் அவளை வாட்டியது. திருந்த அவள் முயலாமல் இல்லை. முயன்றாள், முடியவில்லை. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

1886-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா இரவு. நள்ளிரவுப் பூசை கண்டு வீடு திரும்பினார்கள். அந்நாட்டு வழக்கப்படி பிள்ளையின் காலணிகளில் பரிசுகள் வைக்கப்பட்டிருந்தன. களைத்துப்போயிருந்த தந்தை, நல்லவேளையாக இதுவே கடைசி ஆண்டு என்று சலித்துக்கொண்டார். மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த தெரேசாவின் காதில் அது விழுந்தது. கண்ணீர் முட்டியது. இனி அழுகைதான் என்று அக்காள் செலின் நினைத்தாள். ஆனால் தெரேசா கண்ணீரை அடக்கிக்கொண்டு இறங்கிவந்து, ஒவ்வொரு பரிசாக எடுத்துத் தந்தையின் முன் மகிழ்ந்தாள். தந்தையும் சலிப்பு நீங்கிச் சிரித்தார். அந்த அழுகுணிக் குணம் அன்றோடு நீங்கியது. இம்மாற்றத்தைத் தன் சாதனையாக அவள் ஒருநாளும் எண்ணவில்லை. பாலன் இயேசு அந்த இரவில் தந்த அருள் என்றே பின்னாளில் எழுதிவைத்தாள்.

மறு ஆண்டு ரோமாபுரிக்குத் திருயாத்திரை சென்று, இளவயதிலேயே மடத்தில் சேரத் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயரிடம் நேரில் மன்றாடினாள். 1888-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள், 15 வயதில், லிசியே கார்மேல் மடத்தில் நுழைந்தாள்.

மடத்திலே காட்சிகளும் பரவசங்களும் காத்திருந்தன என்று எண்ண வேண்டாம். தெரேசம்மாளின் ஜெபம் பெரும்பாலும் வறண்டிருந்தது. தியான வேளையில் உறங்கிவிடுவதும் உண்டு. பெரிய புனிதர்களோடு தம்மை ஒப்பிட்டபோது, அவர்கள் ஏறிய செங்குத்தான படிகளில் தம்மால் ஏற இயலாது என்று கண்டார். ஆயினும் பரிசுத்தத்தின் மீதுள்ள ஆசையைக் கடவுளே தந்திருக்க, அதை அவர் வீணாக்கமாட்டார் என்று நம்பினார்.

அக்காலத்தில் செல்வர் வீடுகளில் லிப்ட் வந்திருந்தது. படியேறாமலே மேலே செல்ல அது உதவுவதுபோல், விண்ணகம் செல்லவும் ஒரு வழி உண்டா என்று வேதாகமத்தில் தேடினார். சிறியோரை ஞானம் அழைப்பதை நீதிமொழிகள் ஆகமத்திலும், தாயைப்போல் கடவுள் நம்மைத் தேற்றுவதை இசையாஸ் ஆகமத்திலும் கண்டார். தம்மைத் தூக்கிச் செல்பவை இயேசுவின் கரங்களே என்று தெளிந்தார். தூக்கிக்கொள்ளப்பட வேண்டுமானால் சிறியவராகவே இருக்கவேண்டும். இதுவே அவருடைய சிறிய வழி.

அப்படியானால் நாம் ஒன்றும் செய்யவேண்டாமா என்று சிலர் கேட்கலாம். நவகன்னியர் ஒருவருக்கு இதை அவரே விளக்கியிருக்கிறார். நடை பழகாத குழந்தை மாடிப்படியின் அடியில் நின்று, முதற்படி ஏறக் காலைத் தூக்குகிறது. தூக்கித் தூக்கி விழுகிறது. மேலே நிற்கும் தந்தை அதைக் கண்டு, தாமே இறங்கிவந்து வாரி எடுத்துச் செல்கிறார். காலைத் தூக்குவது நம் கடமை. மேலே சேர்ப்பது அருளின் வேலை.

அவர் காலைத் தூக்கிய விதமும் எளியது. நடக்கமாட்டாத வயோதிகக் கன்னியர் ஒருவரை மாலைதோறும் கைத்தாங்கலாக உணவறைக்கு அழைத்துச் சென்று, ரொட்டியை வெட்டிக் கொடுப்பார். அக்கன்னியரைத் திருப்திப்படுத்துவது எளிதன்று. தம் இயல்புக்கு ஒவ்வாத வேறொரு சகோதரியைக் கண்டால் புன்னகை புரிவார். இத்தகைய சிறு செயல்கள் நம் வீடுகளிலும் கூடியவையே.

1896-ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று அவர் வாயிலிருந்து இரத்தம் வந்தது; காசநோய். சில நாட்களில் விசுவாசமும் இருண்டது. விண்ணகம் உண்டா என்ற சோதனை இறுதிவரை விடவில்லை. விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி மார்போடு வைத்துக்கொண்டார். உணர்வு கைவிட்டபோதும் கரங்களை நம்பினார். 1897-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், 24 வயதில், இயேசுவின் மீதுள்ள அன்பை அறிக்கையிட்டபடியே உயிர்நீத்தார்.

திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் 1925-இல் அவரைப் புனிதையாக உயர்த்தினார். 1927-இல் புனித சவேரியாரோடு மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக்கினார். கடல் கடந்து நம் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாரும், மடத்தின் மதிலைத் தாண்டாத இச்சிறுமலரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்ற பட்டமும் பெற்றார். அவர் பெற்றோரும் 2015-இல் புனிதர்களாயினர்.

அன்புமிக்க மக்களே, பலமுறை விழுந்தோம் என்பது ஆண்டவருக்குப் புதிய செய்தியன்று. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவதுதான் ஆபத்து. நெடுநாள் பாவசங்கீர்த்தனம் செய்யாதவர்கள் இந்த யூபிலி ஆண்டிலே வாருங்கள். பழைய பாவமேயானாலும் சொல்லுங்கள். அதுவே காலைத் தூக்குவது. மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

புனித சிறுமலரின் மன்றாட்டால் இறையருள் நம் குடும்பங்கள் மேல் நிறைவாய்ப் பொழிவதாக!