ஆற்றலை அடக்கிய ஆல்பிரட் நோபல்

மலையைக் குடைந்து இரயில் ஓடுகிறது. கடினமான பாறையைப் பிளந்த இடத்தில் அணைகள் எழுகின்றன. பூமியின் ஆழத்திலிருந்து இரும்பும் செம்பும் பொன்னும் வெளிவருகின்றன. இவற்றின் பின்னால் ஒரு மனிதரின் அயராத உழைப்பும் ஆறாத துயரமும் இருக்கின்றன. அவர் பெயரை ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் உலகமே உச்சரிக்கிறது. ஆல்பிரட் நோபல் என்றதும் நமக்குப் பரிசு நினைவுக்கு வருகிறது. சிலருக்கு டைனமைட்டும் நினைவுக்கு வரலாம். பேராற்றல் கொண்ட வெடிமருந்தை முதலில் கண்டுபிடித்தவர் அவர் அல்லர். அதை மனிதன் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் மட்டும் வெடிக்கச் செய்தவர் அவர். அதற்காக அவர் கொடுத்த விலை மிகப் பெரிது.

நோபல் 1833ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் பிறந்தார். தந்தை இம்மானுவேல் பொறியாளர். புதுப்புதுக் கருவிகளைப் படைப்பதில் ஆர்வம் மிக்கவர். ஆனால் ஆல்பிரட் பிறந்த அந்த ஆண்டிலேயே தொழில் நொடித்து, குடும்பம் கடனில் மூழ்கியது. தந்தை பிழைப்புத் தேடி முதலில் பின்லாந்துக்கும், பின்னர் இரஷ்யாவுக்கும் சென்றார். தாய் ஆண்ட்ரியெட்டா சிறு மளிகைக் கடை ஒன்றை நடத்திப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். ஆல்பிரட் அடிக்கடி நோயுறும் குழந்தை. அத்தாயின் பொறுமையும் கவனிப்பும் இல்லையெனில் அவர் பிழைத்திருப்பதே அரிது.

இரஷ்யாவில் தந்தையின் தொழில் செழிக்கவே, 1842இல் குடும்பம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒன்று சேர்ந்தது. ஆல்பிரட் பள்ளிக்குச் சென்றது சிறிது காலமே. பின்னர் வீட்டிலேயே ஆசிரியர்களிடம் கற்றார். பதினேழு வயதிற்குள் சுவீடிஷ், இரஷ்யன், பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் ஆகிய ஐந்து மொழிகளில் அவருக்குத் தேர்ச்சி இருந்தது. இலக்கியத்தில் பெரு விருப்பம், கவிதையும் எழுதினார். ஆயினும் தந்தை அவரை வேதியியலில் ஈடுபடுத்தினார்.

அந்நாளில் பாறையை உடைப்பது எத்தகைய வேலை என்பதை நாம் அறிய வேண்டும். பழங்காலத்தில் பாறையின் மேல் தீ மூட்டிச் சூடேற்றித் தண்ணீர் ஊற்றி விரிசல் உண்டாக்கினார்கள். கரியும் கந்தகமும் வெடியுப்பும் கலந்த கரிமருந்து பின்னர் வந்தது. 1627இல் ஐரோப்பாவின் ஷெம்னிட்ஸ் என்னும் சுரங்கத்தில் அதைக் கொண்டு பாறையைப் பிளந்தார்கள். 1831இல் இங்கிலாந்தில் வில்லியம் பிக்ஃபோர்டு பாதுகாப்பான திரியைக் கண்டுபிடித்தார். அதன்பின், திரியைப் பற்றவைத்த தொழிலாளி விலகிச் செல்ல எவ்வளவு நேரம் உண்டு என்பதைக் கணக்கிட முடிந்தது. ஆனால் கரிமருந்தின் வலிமை குறைவு. கடினமான பாறைக்கு அது போதவில்லை.

1847இல் இத்தாலியின் டூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்னும் வேதியியலறிஞர் நைட்ரோகிளிசரின் என்ற எண்ணெய் போன்ற திரவத்தைக் கண்டுபிடித்தார். கரிமருந்து எரிந்து வாயுவாகிப் பாறையைத் தள்ளுகிறது. நைட்ரோகிளிசரினோ முழுவதும் கணத்தில் சிதறி, நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அதிர்ச்சி அலையைப் பாறைக்குள் செலுத்துகிறது. ஆனால் அது நம்பத்தகாத பொருள். சில வேளை நெருப்பு வைத்தாலும் வெடிக்காது. சில வேளை சற்றே அசைத்தாலும் வெடித்துவிடும். அதைக் கண்டு அஞ்சிய சொப்ரேரோ, பயன்படுத்த வேண்டாமென்றே எச்சரித்து வந்தார்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பேராசிரியர் சீனின் இத்திரவத்தை நோபல் குடும்பத்தாருக்குக் காட்டினார். பட்டறைக் கல்லின் மேல் சிறிது வைத்துச் சுத்தியலால் அடித்தபோது, அடிபட்ட பகுதி மட்டுமே வெடித்தது. மற்றது அப்படியே கிடந்தது. அந்தக் காட்சி இளைஞர் ஆல்பிரட்டின் மனத்தில் ஆழப் பதிந்தது. முழுவதையும் ஒரே சமயத்தில், நாம் விரும்பும் கணத்தில் வெடிக்கச் செய்வது எப்படி என்பதே அவருடைய கேள்வி ஆயிற்று.

விடை 1863இல் கிடைத்தது. பெரிய வெடியை எழுப்ப நெருப்பு போதாது. ஒரு சிறிய வெடி வேண்டும். முதலில் சிறிதளவு கரிமருந்தை அடைத்துச் சோதித்தார். பின்னர் 1865இல் சிறு உலோகக் குப்பியில் வேறொரு மருந்தை அடைத்துச் செம்மைப்படுத்தினார். இதுவே டெட்டனேட்டர். நம் கல்குவாரித் தொழிலாளர் கேப்பு என்று சொல்வது இதன் வழிவந்ததே. டைனமைட்டைவிட இதுவே நோபலின் பெரிய கண்டுபிடிப்பு என்று கருதுவோர் உண்டு.

ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடையில் ஒரு பேரிடி விழுந்தது. 1864 செப்டம்பர் 3ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் ஹெலனெபோர்க் என்னுமிடத்தில் இருந்த அவர்களுடைய தொழிற்கூடம் வெடித்துச் சிதறியது. ஆல்பிரட்டின் கடைசித் தம்பி எமிலும் வேறு சிலரும் மாண்டனர். எமிலுக்கு வயது இருபது. தந்தை சில மாதங்களில் பக்கவாதத்தில் விழுந்தார். எட்டு ஆண்டுகள் படுக்கையில் இருந்து, 1872இல் அதே செப்டம்பர் 3ஆம் நாளில் கண் மூடினார். மூத்த பிள்ளைகளைப் பசியிலிருந்து காத்த அந்தத் தாய், செல்லப் பிள்ளையை இழந்தார்.

அவர் வேலையை விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை. நகருக்குள் இந்த வேலை கூடாதென்று அதிகாரிகள் தடுத்தபோது, மேலாரன் ஏரியில் ஒரு படகை நிறுத்தி அதில் வேலை செய்தார். அதே ஆண்டில் சுவீடன் இரயில்வே, ஸ்டாக்ஹோம் சுரங்கப்பாதை வேலைக்கு நைட்ரோகிளிசரினை ஏற்றுக்கொண்டது. தேவை பெருகியது; அதனுடன் ஆபத்தும் பெருகியது. 1866 ஏப்ரலில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு பெட்டி வெடித்துப் பதினைந்து பேர் இறந்தனர். ஜெர்மனியில் குருமல் என்ற ஊரில் இருந்த அவருடைய ஆலையும் அவ்வாண்டே வெடித்தது. பல நாடுகள் தடை விதித்தன. வெடிக்கும் நேரம் அடங்கியது. ஆனால் மருந்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்வது அடங்கவில்லை.

திரவத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும் பொருளைத் தேடி நோபல் பலவற்றைச் சோதித்தார். இறுதியில் கீசல்கூர் என்னும் நுண்துளை மண் கை கொடுத்தது. நீரில் வாழும் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து உண்டான மண் அது. தன் எடையைப் போல் மூன்று மடங்கு நைட்ரோகிளிசரினை அது உறிஞ்சிப் பசைபோல் ஆயிற்று. அதை உருட்டித் தோட்டாவாகச் செய்யலாம். 1867இல் இதற்கு உரிமம் பெற்று, வலிமை என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து டைனமைட் எனப் பெயரிட்டார். அவ்வாண்டு ஜூலையில் இங்கிலாந்தில் மெர்ஸ்தம் கல்குவாரியில் பலர் முன்னிலையில் அதைச் சோதித்துக் காட்டினார். நெருப்பிலிட்டபோது எரிந்ததேயன்றி வெடிக்கவில்லை. உயரத்திலிருந்து எறிந்தபோதும் வெடிக்கவில்லை. டெட்டனேட்டரைப் பொருத்தியபோதுதான் வெடித்தது.

அதன் பயனை ஆல்ப்ஸ் மலையில் காணலாம். கரிமருந்து கொண்டு குடைந்த மோன் செனி சுரங்கப்பாதை 1857இல் தொடங்கி, இரு பக்கமும் சந்திக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. அதைவிட நீண்டது 15 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்டு சுரங்கப்பாதை. 1872இல் தொடங்கிய அவ்வேலையில் டைனமைட்டும் மேம்பட்ட துளைக்கருவிகளும் துணை நின்றன. எட்டு ஆண்டுகளுக்குள் இரு பக்கமும் சந்தித்தன. எனினும் அங்கே ஏறத்தாழ 200 தொழிலாளர் உயிரிழந்தனர் என்பதையும் நாம் மறக்கலாகாது. நல்ல மருந்து மட்டும் போதாது. காற்றோட்டமும் கவனமும், தொழிலாளி உயிரின் மீது மதிப்பும் வேண்டும்.

1875இல் நோபல் ஜெலட்டின் வெடிமருந்தை உருவாக்கினார். டைனமைட்டைவிட வலிமை மிக்கதாகிய அது ஈரத்தையும் தாங்கியது. அவருக்குப் பின்னும் ஆராய்ச்சி நிற்கவில்லை. துளைகளைச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கச் செய்தால், நில அதிர்ச்சி குறையும். அருகிலுள்ள வீடுகள் தப்பும். சுவர் அமைய வேண்டிய கோட்டில் நெருக்கமாகத் துளையிட்டுச் சிறிதளவே மருந்து வைத்தால், கத்தியால் அறுத்தாற்போல் பாறை வழுவழுப்பாக நிற்கும். இம்முறைகளைக் கணக்கோடு ஆராய்ந்து எழுதியவர்களில் நோபலின் நாட்டினரான லாங்கேஃபோர்ஸ், ஷீல்ஸ்ட்ரோம் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள்; அவர்களுடைய நூல் 1963இல் வெளிவந்தது. டைனமைட்டின் இடத்தைப் பெரும்பாலும் வேறு மருந்துகள் பிடித்துக்கொண்டன. ஆனால் குறைந்த மருந்து, குறித்த இடம், குறித்த கணம் என்னும் பாடம் நோபல் தொடங்கிவைத்ததே.

பாறைக்குள் அடங்கிய அந்த ஆற்றல் மனிதர் கையில் அடங்கவில்லை. டைனமைட்டைக் கொலைக்கும் பயன்படுத்தினார்கள். நோபலும் குற்றமற்றவர் என்று சொல்லிவிட முடியாது. 1887இல் பீரங்கிக்கான புகையற்ற மருந்தையும் அவர் உருவாக்கினார். 1894இல் ஆயுதம் செய்யும் போஃபர்ஸ் ஆலையையும் வாங்கினார். அதே மனிதர் போரை வெறுத்தார். 1876இல் சில நாள் மட்டும் அவரிடம் செயலாளராக இருந்த பெர்தா என்னும் பெண்மணி, பின்னர் பெர்தா வான் சுட்னர் என்ற பெயரில் அமைதி இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரானார். இருவரும் கடிதத் தொடர்பு கொண்டு அமைதியைப் பற்றிச் சிந்தித்தனர். அவருடைய பணிக்கு நோபல் பொருளுதவியும் செய்தார்.

நோபலுக்குத் திருமணம் ஆகவில்லை. 355 உரிமங்களும் பல நாடுகளில் ஆலைகளும் இருந்தும், நிலையான இல்லம் இல்லாதவராய் ஊர் ஊராகச் சென்றார். தாயிடம் மட்டும் மாறாத அன்பு வைத்திருந்தார். அவர் 1889இல் மறைந்தார். முதுமையில் நோபலுக்கு இதயநோய் வந்தது. மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த மருந்து எது தெரியுமா? அதே நைட்ரோகிளிசரின்! மிகச் சிறிய அளவில் அது இரத்தக் குழாய்களை விரிவடையச் செய்து நெஞ்சுவலியைத் தணிக்கிறது. எமிலின் உயிரைக் குடித்த பொருள் இன்றும் எண்ணற்றோர்க்கு மருந்தாகிறது.

1895 நவம்பர் 27ஆம் நாள் பாரிஸில் அவர் தம் உயிலில் கையெழுத்திட்டார். செல்வத்தின் பெரும்பகுதி, ஏறத்தாழ 31 மில்லியன் குரோனர், ஒரு நிதியாக வேண்டும். அதன் வருவாய் இயற்பியல், வேதியியல், மருத்துவம், இலக்கியம், அமைதி ஆகிய ஐந்து துறைகளில் மனித குலத்திற்கு மிகுந்த நன்மை செய்தவர்களுக்குப் போக வேண்டும். எந்த நாட்டினர் என்று பார்க்கக் கூடாது. அடுத்த ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், இத்தாலியில் சான் ரெமோ நகரில், பணியாளர் மட்டுமே அருகிருக்க அவர் உயிர் பிரிந்தது. உறவினர் சிலர் உயிலை எதிர்த்தனர். ராக்னர் சோல்மன் என்ற இளம் பொறியாளர் விடாமுயற்சியுடன் அதை நிறைவேற்றினார். 1901இல் முதல் பரிசுகள் வழங்கப்பட்டன.

அந்தப் பரிசு 1903இல் மேரி கியூரி அம்மையாருக்குச் சென்றது. 1905இல் அதே பெர்தா வான் சுட்னர் அமைதிப் பரிசு பெற்ற முதல் பெண்மணியானார். 1930இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் பெற்றார். 1979இல் கல்கத்தாவின் ஏழைகளுக்காக வாழ்ந்த அன்னை தெரேசா அமைதிப் பரிசைப் பெற்றபோது, நம் நாடே மகிழ்ந்தது.

அறிவும் ஓர் ஆற்றலே. சினமும் சொல்லும் செல்வமும்கூட ஆற்றல்களே. பெற்ற ஆற்றலை அடக்கி, தக்க இடத்தில் தக்க அளவில் பிறர் நலத்துக்குச் செலவிடுவது கடினம். அதற்கு நோபல் தம் வாழ்நாள் முழுவதையும் கொடுத்தார், ஓரளவே வென்றார். அவர் விட்டுச் சென்ற மீதிப் பணி நம் தலைமுறைக்கு உரியது. கற்கும் கல்வியை நன்மைக்கே பயன்படுத்தி அப்பணியில் நாமும் பங்கு கொள்வோமாக!