எலோ என்பது ஒரு மனிதரின் பெயர்

செஸ் ஆடுற நண்பரிடம் எலோ எவ்வளவு என்று கேட்டால் டக்குனு ஒரு நம்பர் வரும். எலோ என்பது மூணு ஆங்கிலச் சொற்களின் சுருக்கம்னு பலர் நினைச்சுட்டு இருக்காங்க. இல்லை பாஸ், அது ஒரு இயற்பியல் பேராசிரியரின் பெயர்.

அர்பாட் எலோ 1903-ல் ஹங்கேரியில் ஒரு கிராமத்தில் பிறந்தார். பத்து வயதில் பெற்றோரோடு அமெரிக்கா வந்தார். சிகாகோவில் படித்து, மில்வாக்கியில் உள்ள மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். செஸ்ஸிலும் சும்மா இல்லை, விஸ்கான்சின் மாநிலப் பட்டத்தை எட்டு முறை வென்றவர். 1957-ல் ஒரு 14 வயதுப் பையனிடம் தோற்றார். அந்தப் பையன் பேரு பாபி ஃபிஷர்!

அப்போது அமெரிக்க செஸ் கூட்டமைப்பு வைத்திருந்த ரேட்டிங் முறை பல நேரம் சொதப்பியது. எலோ அதை ஒரு இயற்பியல் அளவீடு மாதிரி பார்த்தார். எந்த வீரரும் தினமும் ஒரே மாதிரி ஆடுவதில்லை. ஒருநாள் பிரமாதம், ஒருநாள் சுமார். அந்த ஏற்ற இறக்கத்தின் சராசரிதான் ரேட்டிங். இரண்டு பேரின் ரேட்டிங் வித்தியாசம், யாருக்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும். 200 புள்ளி கூட இருப்பவர், 100 ஆட்டத்தில் டிராவையும் சேர்த்து சுமார் 76 பாயின்ட் எடுப்பார். எதிர்பார்த்ததைவிட நல்லா ஆடினா ரேட்டிங் ஏறும், சொதப்பினா இறங்கும். அவ்வளவுதான் சூத்திரம். 1960-ல் அமெரிக்காவும் 1970-ல் ஃபிடேவும் இதை ஏற்றன. ஆரம்ப வருடங்களில் ஃபிடே கணக்கை எலோவே உட்கார்ந்து போட்டார்.

1992-ல் அவர் இறந்தார். ஐந்து வருடம் கழித்து ஃபிடே, உலகப் பட்டத்தையே நாக் அவுட் முறையில் நடத்தியது. அங்கேதான் அவர் கணக்கின் உண்மையான அர்த்தம் புரியும். ஒரு டாப் வீரருக்கு ஒவ்வொரு சுற்றிலும் 80% வெற்றி வாய்ப்பு என்று வெச்சுக்குவோம். ஏழு சுற்றுக்கு 0.8-ஐ ஏழு முறை பெருக்குங்க: வெறும் 21%. அதாவது எல்லாரும் கை காட்டுற ஆள்கூட, பெரும்பாலும் கோப்பையோடு திரும்ப மாட்டார். 2017 உலகக் கோப்பையில் கார்ல்சன், தன்னைவிட 100 புள்ளிக்கு மேல் குறைவான பு சியாங்ஜியிடம் மூன்றாவது சுற்றிலேயே வெளியேறினார். 2023-ல் நம்ம பிரக்ஞானந்தா, நகமுரா, கருவானா இருவரையும் தாண்டி ஃபைனல் வரை போனார்.

இதெல்லாம் எலோவின் சூத்திரம் பொய்த்த கதை இல்லை. 20% வாய்ப்பு என்றால் ஐந்தில் ஒரு தடவை நடக்கும் என்றுதானே அர்த்தம்? ரேட்டிங் என்பது இதுவரை ஆடியதன் கணக்கு. இன்றைய ஆட்டத்தின் ரிசல்ட் இல்லை. அடுத்த உலகக் கோப்பைக்கு ஹாஸ்டலில் ப்ரெடிக்‌ஷன் போட்டி வெச்சா, முதல் சீடையே தேர்ந்தெடுங்க. அதைவிட நல்ல சாய்ஸ் கிடையாது. ஆனா ட்ரீட் காசை மட்டும் முன்கூட்டியே செலவு பண்ணிடாதீங்க.