ஜேம்ஸ் வாட்: நீராவியை அடக்கியவருக்கு தலைவலி கொடுத்த தண்ணீர்!

நீராவி எஞ்சினை கண்டுபிடித்தவர் யார்? ஜேம்ஸ் வாட் என்பதுதான் பலருடைய பதில். ஆனால் அவர் பிறப்பதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, 1712-லேயே தாமஸ் நியூகமனின் எஞ்சின் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க ஆரம்பித்துவிட்டது. அப்போ வாட் செய்தது என்ன?

ரிப்பேருக்கு வந்த மாடல்

1736 ஜனவரி 19-ல் ஸ்காட்லாந்தின் கிரீனாக்கில் பிறந்தவர் வாட். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகளை பழுது பார்ப்பது அவர் வேலை. 1763-64 வாக்கில் நியூகமன் எஞ்சினின் சின்ன மாடல் ஒன்று அவரிடம் வந்தது. கொஞ்ச நேரம் ஓடும், நின்றுவிடும்.

காரணம் இதுதான். நீராவியை குளிர வைக்க சிலிண்டருக்குள்ளேயே தண்ணீர் பீய்ச்சினார்கள். ஒவ்வொரு முறையும் சிலிண்டரை மறுபடி சூடாக்கவே பாதிக்கு மேல் நீராவி வீணானது. நீராவியை தனி பாத்திரத்துக்கு கொண்டுபோய் குளிர வைத்தால் சிலிண்டர் சூடாகவே இருக்குமே? 1765-ல் வாட்டுக்கு வந்த ஐடியா இது.

தண்ணீரை எப்படி வெளியேற்றுவது?

இங்கேதான் சிக்கல். குளிர்ந்த நீராவி தண்ணீராகி அந்த பாத்திரத்தில் தேங்கும். உள்ளே வெற்றிடம் என்பதால் சும்மா ஓட்டை போட்டால் தண்ணீர் வெளியே வராது, வெளிக்காற்றுதான் உள்ளே போகும்.

வாட் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, 35 அடிக்கு கீழே இறங்கும் குழாய். வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 34 அடி தண்ணீரைத்தான் தாங்கும், அதற்கு மேல் சேருவது தானாக வெளியேறும். உள்ளே சேரும் காற்றை எடுக்க ஒரு சின்ன பம்ப் போதும். இரண்டாவது, தண்ணீர், காற்று இரண்டையும் இழுக்கும் பெரிய பம்ப்.

35 அடி பள்ளம் எல்லா இடத்திலும் கிடைக்காது. அதனால் வாட் தேர்ந்தெடுத்தது பெரிய பம்ப்பை. வெளியே வந்த சுடுதண்ணீரும் வீணாகவில்லை, பாய்லருக்கே திரும்பியது.

11 ஆண்டு போராட்டம்

1769-ல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் நீராவி கசியாத அளவுக்கு சிலிண்டர் செய்ய ஆளில்லை. பணம் போட்ட ஜான் ரோபக் 1773-ல் திவாலானார். அதே ஆண்டு மனைவி மார்கரெட் பிரசவத்தில் இறந்தார். குடும்பத்தை காப்பாற்ற கால்வாய்களுக்கு நிலம் அளந்துகொண்டிருந்தார் வாட்.

பர்மிங்காம் தொழிலதிபர் மேத்யூ போல்டன் கைகொடுத்தார். ஜான் வில்கின்சன் சிலிண்டரை துல்லியமாக கடைந்து கொடுத்தார். 1776-ல் எஞ்சின் வேலைக்கு இறங்கியது. மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குதான் கட்டணம்! 1819 ஆகஸ்ட் 25-ல், 83 வயதில் வாட் மறைந்தார்.

இன்றைய ஆலைகளில்?

நீராவி குளிர்ந்து வரும் தண்ணீரை இன்று கண்டன்சேட் என்கிறார்கள். அதை எடுக்க கருவி வாங்கும்போது இப்போதும் முதலில் பார்ப்பது இதைத்தான்: தானாக இறங்க உயரம் இருக்கிறதா? இல்லையென்றால் என்ன பம்ப்? வாட் கேட்ட அதே கேள்விதான்.