தெருவில் நோயைக் கண்டவர்

எங்கள் கருங்குழிக் கடைத்தெருவில் தாத்தா நடந்தால், சிறு சிறு அடிகளாக, முன்னால் விழப்போகிறவர் போல் விரைவார். வயதின் தளர்ச்சி என்றே எண்ணியிருந்தோம். நோயின் பெயரைக் கேட்ட பின்னரே ஜேம்ஸ் பார்க்கின்சனின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

இலண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் 1755-இல் பிறந்த அவர், தந்தையைப் போலவே மருத்துவரானார். அரசியல் சீர்திருத்தம் வேண்டித் துண்டு வெளியீடுகள் எழுதினார். 1794-இல் மன்னரைக் கொல்லும் சதி பற்றி அரசு அவரை அழைத்து விசாரித்தது. புதைபடிவங்களைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதினார். மருத்துவருக்கு இத்தனை வேலையா என்று வியந்தேன்!

1817-இல் நடுக்குவாதம் பற்றிய சிறுநூலை வெளியிட்டார். அதில் ஆறே நோயாளிகள். இருவர் தெருவில் எதிர்ப்பட்டவர்கள். ஒருவரைத் தொலைவில் நின்று பார்த்ததோடு சரி. கைநடுக்கம், குனிந்த உடல், ஓட்டமாக மாறும் நடை ஆகியவற்றைப் பெரும்பாலும் கண்ணால் கண்டே எழுதினார். தசை விறைப்பை மட்டும் அவர் குறிக்கவில்லை. கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தாலன்றோ அது புலப்படும்? பின்னாளில் பாரிஸ் மருத்துவர் சார்க்கோ அதனைச் சேர்த்து, நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரையும் சூட்டினார்.

இன்று அந்தக் கண்ணின் வேலையைக் காணொளியும் செயற்கை நுண்ணறிவும் செய்ய முனைகின்றன. கட்டைவிரலோடு சுட்டுவிரலைத் தட்டச் சொல்லிக் கைப்பேசியில் படமெடுத்தால், வேகத்தையும் விரல் விரிவு குறைந்து வருவதையும் கணினி அளக்கிறது. மருத்துவர் 0 முதல் 4 வரை இடும் மதிப்பெண்ணோடு அது ஒப்பிடப்படுகிறது. விறைப்பு மட்டும் படத்திற்கும் அகப்படுவதில்லை. தாத்தாவின் முழங்கையை மருத்துவர்தாம் மடக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

பார்க்கின்சன் 1824-இல் மறைந்தார். பிறர் அசைவை அவ்வளவு கூர்ந்து நோக்கியவருக்கு உருவப்படம் ஒன்றுகூட இல்லை. அவர் பெயரில் உலவும் தாடிக்காரர் படம் வேறொரு ஜேம்ஸ் பார்க்கின்சனுடையது.