கிளட்ச் பெடலைத் தூக்கிய பொறியாளர்: யார் இந்த ஏர்ல் தாம்சன்?

டிராஃபிக்கில் கிளட்சை மிதித்து மிதித்து இடது கால் வலித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆட்டோமேட்டிக் காரில் அந்தத் தொல்லை இல்லை. அதற்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டியவர்களில் ஒருவர், அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் தாம்சன்.

1891-ல் பிறந்தவர் இவர். 1920-களில் கார் ஓட்டுவதே ஒரு வித்தைதான். ஒரு கியர் மாற்ற கிளட்சை இரண்டு முறை மிதிக்கணும். கொஞ்சம் பிசகினாலும் பற்சக்கரங்கள் கறகறவென உரசும். அவை இணையும் முன்பே வேகத்தைச் சமமாக்கிவிட்டால்? தாம்சனின் அந்த யோசனைதான் 'சிங்க்ரோமெஷ்'. 1928-ல் காடிலாக் காரில் வந்தது. இன்று நீங்கள் ஓட்டும் மேனுவல் காரிலும் அதே தத்துவம்தான் இருக்கிறது.

அதோடு அவர் நிற்கவில்லை. டிரைவர் எதற்குக் கியர் மாற்ற வேண்டும் என்று யோசித்தார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் 1930-களில் ஒரு குழுவோடு வேலையைத் தொடங்கினார். 1937-ல் வந்த முதல் முயற்சியில் வண்டி ஓடும்போது கியர் தானாக மாறியது. ஆனால் புறப்பட கிளட்ச் தேவைப்பட்டது. பாதிக் கிணறு தாண்டிய கதை!

மீதிக் கிணற்றைத் தாண்டியது 1939 அக்டோபரில். ஓல்ட்ஸ்மொபீல் காரின் 1940 மாடலில் 'ஹைட்ரா-மேட்டிக்' அறிமுகமானது. கிளட்ச் பெடலே கிடையாது. கூடுதல் விலை 57 டாலர்.

எப்படி வேலை செய்தது?

ஓடும் ஃபேனுக்கு எதிரே இன்னொரு ஃபேனை வைத்தால், காற்று பட்டு அதுவும் சுற்றும் இல்லையா? இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். இன்ஜினின் சக்தியை அது சக்கரங்களுக்குக் கடத்தியது. காரின் வேகத்தையும் ஆக்சிலரேட்டரை அழுத்தும் அளவையும் பொறுத்து, எண்ணெய் அழுத்தமே 4 கியர்களையும் மாற்றியது.

இது தாங்குமா என்ற சந்தேகத்துக்கு இரண்டாம் உலகப் போர் பதில் சொன்னது. அமெரிக்காவின் எம்5 டாங்கியில் இரண்டு காடிலாக் இன்ஜின்கள், அவற்றுக்கு இரண்டு ஹைட்ரா-மேட்டிக். போர் முடிந்ததும், போர்க்களத்தில் தேறியது என்றே ஜெனரல் மோட்டார்ஸ் விளம்பரம் செய்தது. போட்டி நிறுவனமான ஃபோர்டுகூட தன் லிங்கன் கார்களுக்கு அதை வாங்கியது. ராணுவ டிரக்குகளிலும் இடம்பிடித்தது.

1963-ல் இதற்காக எல்மர் ஸ்பெர்ரி விருது வழங்கப்பட்டபோது, தாம்சனோடு சேர்த்து 6 பேர் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். 1967-ல் அவர் மறைந்தார்.

ஃபோர்டு, கிரைஸ்லர் போல அவர் பெயரில் எந்தக் காரும் ஓடவில்லை. ஆனால் அடுத்த முறை சிக்னலில் உங்கள் இடது கால் சும்மா இருந்தால், அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.