நகருக்காக வாதாடிய லகார்டியா

பியொரெல்லோ லகார்டியா 1882-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை இத்தாலியிலிருந்து குடியேறியவர், அன்னை யூதர். பகலில் எல்லிஸ் தீவில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, இரவு வகுப்பில் சட்டம் பயின்று, 1910-இல் வழக்கறிஞரானார். நம் இரவுப் பள்ளி மாணவர்கள் இதனைக் கருதுவார்களாக.

1934-இல் அவர் மேயரானபோது நகரக் கருவூலம் வறண்டு கிடந்தது. சுமார் 70 லட்சம் மக்கள் வாழ்ந்த மாநகரமாயினும், தன் நிருவாகச் செலவைக் குறைப்பதற்கும் ஆல்பனியிலிருந்த மாநிலச் சட்டமன்றத்தின் இசைவை அது எதிர்நோக்க வேண்டியிருந்தது. அவர் கொணர்ந்த சிக்கன மசோதாவைச் சட்டமன்றம் பன்முறை தள்ளியது. சளையாது வாதாடி, திருத்தங்களுக்கும் இணங்கி, ஏப்ரலில் அதனை நிறைவேறச் செய்தார்.

வாஷிங்டனுக்கோ அவர் புதியவரல்லர். காங்கிரஸ் உறுப்பினராக இருந்தபோதே, 1932-இல், தொழிலாளர் உரிமை காக்கும் நாரிஸ்-லகார்டியா சட்டத்தை உருவாக்கியவர். 1935 முதல் 1945 வரை அமெரிக்க மேயர்கள் மாநாட்டின் தலைவராக விளங்கி, வேலையற்றோர்க்குப் பணியளிக்கவும் ஏழையர்க்கு வீடு கட்டவும் மத்திய அரசின் நிதியை நகரங்களுக்காகக் கேட்டு நின்றார்.

ஒரு குறையை மறைத்தல் தகாது. 1943-இல் ஸ்டைவசன்ட் டவுன் என்னும் குடியிருப்பை எழுப்பக் காப்பீட்டு நிறுவனமொன்றுடன் நகரம் ஒப்பந்தம் செய்தது. மாநிலச் சட்டத்தின் துணையால் அந்நிறுவனத்துக்கு நிலமும் வரிச் சலுகையும் கிடைத்தன. கறுப்பினத்தார்க்கு அங்கே வீடில்லை என்பது வெளிப்படையாகத் தெரிந்தும் லகார்டியா ஒப்பினார். ஊர் வேறு, சேரி வேறு என்பதை நாமறிவோம். பொதுப்பணத்தின் சலுகையோடு அங்கும் அதுவே எழுந்தது. எதிர்ப்பு வலுத்தபின், 1944-இல், பாகுபாடு காட்டும் குடியிருப்புகளுக்கு இனி வரிச் சலுகையில்லை என நகரச் சட்டம் பிறந்தது. முந்தைய ஒப்பந்தத்தை அது தீண்டவில்லை.

1947 ஆகஸ்டில் வெள்ளையர் அங்குக் குடியேறத் தொடங்கினர். அடுத்த மாதம் லகார்டியா காலமானார்.