திருத்தணி கிடைத்தது, திருப்பதி கிடைக்கவில்லை: ம.பொ.சி.யின் வாதம் எங்கே ஜெயித்தது?

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதிக்குப் போயிருக்கீங்களா? புத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் நாராயணவனம் வரும். ஆரணி ஆறு ஓடும், கல்யாண வெங்கடேசர் கோயில் இருக்கும் சின்ன ஊர். இன்று ஆந்திராவில் இருக்கிறது. ஆனால் 1940-50களில் இந்தப் பகுதி முழுக்க யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி மேடை மேடையாக ஓடியது. தமிழர் தரப்பில் அந்த வழக்கை அதிகம் பேசியவர் ம.பொ.சிவஞானம்.

1906-ல் சென்னையில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோச்சு. பிழைப்புக்கு அச்சகத்தில் கம்பாசிட்டர் வேலை. ஈய எழுத்துகளைத் தலைகீழாகப் படித்துக் கோக்கிற வேலை அது. தமிழை அவர் கற்றதில் அதற்கும் பங்கு உண்டு. 1942 போராட்டத்தில் கைதாகி அமராவதி சிறைக்குப் போனார். வெளியே வரும்போது கூடவே இரண்டு விஷயங்கள் வந்தன: தீராத வயிற்று நோய், சிலப்பதிகாரம். பின்னாளில் அவரைச் சிலம்புச் செல்வர் என்றே அழைத்தார்கள்.

1946-ல் தமிழரசுக் கழகம் தொடங்கினார். சுதந்திரம் கிடைத்த மறுநாள், 1947 ஆகஸ்ட் 16 அன்று, தொண்டர்களோடு திருப்பதிக்கே போனார். அவர் கையில் இருந்த சான்றுகள் லேசுப்பட்டவை இல்லை. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைச் சொல்கிறது. சிலப்பதிகாரமும் அப்படித்தான். திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழ். கூட்டம் கைதட்டாமல் என்ன செய்யும்?

ஆனால் தீர்ப்புச் சொல்லப்போவது கூட்டம் இல்லையே. எதிர்த் தரப்பிடமும் எண்கள் இருந்தன. சித்தூர் மாவட்டத்தை மொத்தமாக எடுத்தால் தெலுங்கு பேசுவோர்தான் பெரும்பான்மை.

இங்கேதான் டேட்டாவோடு மல்லுக்கட்டும் எனக்கு இந்தக் கதை சுவாரசியமாகிறது. சித்தூர் மாவட்டம் ஒன்றும் ஆதிகாலத்தது இல்லை. 1911-ல் வட ஆற்காட்டிலிருந்து சில தாலுகாக்கள், கடப்பாவிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு என ஒட்டவைத்து உருவாக்கியது. மாவட்டத்தை ஒரே மூட்டையாக நிறுத்தால் ஒரு விடை. கிராமம் கிராமமாக எண்ணினால் வேறு விடை. நீங்க ஆபீஸில் சராசரி போட்டு ஸ்லைடு காட்டும்போது நடப்பதும் இதேதான்.

1953 அக்டோபர் 1-ல் ஆந்திரா பிறந்தது. அதற்குள் சென்னை நகரம் தமிழர் பக்கமே நிற்கும் என்பது முடிவாகிவிட்டது. மாநகராட்சியில் மேயர் செங்கல்வராயனோடு சேர்ந்து தீர்மானம் கொண்டுவர ம.பொ.சி. உழைத்தது தனிக் கதை. வடக்கு எல்லை மட்டும் இழுபறி. அந்தப் பக்கத்து ஊர்களில் தமிழ் சொல்லிக்கொடுத்து வந்த மங்கலங்கிழார், வழக்கறிஞர் கே.விநாயகம் ஆகியோர் அவரோடு நின்றார்கள். தடையை மீறி ம.பொ.சி. 1953-ல் சிறைக்கும் போனார். கேட்டது எல்லையை முறையாகப் பிரிக்க ஓர் ஏற்பாடு.

கடைசியில் மத்தியஸ்தராக ஹெச்.வி.படாஸ்கர் வந்தார். அவர் எடுத்த அளவுகோல் எளிது: கிராமமே அலகு, அங்கே எந்த மொழிக்காரர்கள் அதிகம், ஊர்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றனவா. அவ்வளவுதான். பழைய இலக்கியத்துக்கோ கல்வெட்டுக்கோ அந்தத் தராசில் இடமே இல்லை.

இந்த அடிப்படையில் 1959-ல் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் தமிழ்நாட்டுக்கு வந்தன. அதே அளவுகோல் மறுபக்கமும் வெட்டியது: பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் தெலுங்குக் கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. திருப்பதி, சித்தூர், புத்தூர், நகரி எல்லாம் அங்கேயே தங்கின. நாராயணவனமும்தான்.

ம.பொ.சி.யின் மிகப் பெரிய பலம் இலக்கியம், வரலாறு. ஆனால் வேங்கடத்துக்கு அவர் காட்டிய ஆயிரம் வருடச் சான்று எவ்வளவு சரியாக இருந்தாலும், இன்று அங்கே வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்ற கேள்விக்கு அது பதில் இல்லை. என் கணிப்பில் திருத்தணியை வாங்கித் தந்தவை இரண்டு: கேள்வி அடங்கிவிடாமல் பார்த்துக்கொண்ட அவரது மேடைப் பேச்சு, பிறகு அந்தக் கிராமக் கணக்கு.

அவர் 1995 அக்டோபர் 3-ல் காலமானார். திருப்பதி போனது பற்றிய வருத்தம் அவரிடம் கடைசிவரை இருந்தது. நாராயணவனத்தை அடுத்த முறை கடக்கும்போது கடைப் பலகைகளைப் பாருங்க. பிறகு இறங்கி ஒரு டீ சொல்லி, சுற்றி என்ன மொழி காதில் விழுகிறது என்று கேளுங்க.